கண்ணாடியில்லாப் பச்சைவீடு

ஒரு கருத்துக்கு நாம் சூட்டும் பெயர் அக்கருத்தைத் துலக்குவதும் உண்டு, மறைத்துவிடுவதும் உண்டு. விஞ்ஞானத்திலே மறைக்கும் வகைப் பெயர்களுக்கு உதாரணம் தேடுவோமானால், "பச்சைவீட்டு விளைவு" என்பதிலும் பொருத்தமான ஒன்று கிடைப்பது அரிது. பாடசாலை மாணவனிடம் இச்சொற்றொடரைச் சொன்னால், பச்சை வர்ணம் பூசிய வீடொன்றையே அவன் முதலில் எண்ணிக்கொள்வான். குளிர் நாடுகளிலே பயிர்களைப் பனியினின்றும் காப்பதற்காகக் கண்ணாடியாற் கட்டப்படும் வீடு அது. உள்ளே பசுமை தழைத்திருப்பதால் அப்பெயர் வந்தது என்று ஆசிரியர் விளக்கினாலும் குழப்பம் முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. ஏனெனில், அக்கண்ணாடி வீடு சூடேறும் விதம் வேறு. நாம் வாழும் பூமி சூடேறும் விதம் வேறு.

கண்ணாடி வீட்டினுள் வெயில் புகுந்து தரையைச் சூடாக்குகிறது. தரையைத் தொட்ட காற்றும் சூடாகி மேலெழுகிறது. திறந்த வெளியாயின், அச்சூடான காற்று உயரே சென்றுவிடும். குளிர்ந்த காற்று அதன் இடத்தை நிரப்பும். கண்ணாடிக் கூரை அதனை மறித்துவிடுவதாலேயே உள்ளே வெப்பம் பெருகுகிறது. 1909ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பௌதிகவியலாளரான றொபேட் வூட் இதனை எளியதொரு பரிசோதனையால் ஆராய்ந்தார். இரு சிறு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதைப் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். தரை வீசும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி மறிக்கும். பாறையுப்போ அவற்றைப் போகவிடும். ஆயினும் பெட்டிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. காற்றோட்டம் தடைப்படுவதே கண்ணாடி வீட்டின் சூட்டுக்குப் பிரதான காரணம் என்பது இதனாற் புலனாயிற்று.

பூமியைச் சூழ்ந்த வளிமண்டலத்துக்குக் கூரை கிடையாது. காற்று தடையின்றி எழுகிறது, தடையின்றி இறங்குகிறது. ஆயினும் பூமி வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது? இவ்வினாவுக்குச் சரியான விடையைக் காண, மனிதருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது. காலநிலை மாற்றம் பற்றி இன்று எத்தனையோ பேச்சுக்கள் நம் காதில் விழுகின்றன. எத்தனையோ மறுப்புக்களும் எழுகின்றன. அவற்றுள் எது மெய், எது பொய் என்று பிரித்தறிய விரும்புபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அந்த விடையையே.

வரவும் செலவும்

சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் உள்ளது வெற்றிடம். ஆகவே, பூமிக்கு வெப்பம் வருவதற்கும் பூமியிலிருந்து வெப்பம் வெளியேறுவதற்கும் கதிர்வீசல் ஒன்றே வழி. இதனை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்குப் போலக் கொள்ளலாம். சூரியனை நேர்முகமாக நோக்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது, வளிமண்டலத்தின் உச்சியிலே, ஏறத்தாழ 1,361 உவாற்று சக்தி விழுகிறது. பூமி உருண்டையாக இருப்பதாலும், எக்காலத்திலும் அதன் ஒரு பாதி இருளில் இருப்பதாலும், முழுப் பரப்புக்கும் பங்கிட்டால் இது நாலில் ஒன்றாகி 340 உவாற்று ஆகிறது. இதிலே பத்தில் மூன்று பங்கை முகில்களும், பனியும், மணற் பரப்புக்களும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. எஞ்சுவது 240 உவாற்று. இதுவே பூமியின் வரவு.

இந்த வரவுக்குச் சமனான செலவைச் செய்வதற்கு ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருத்தல் வேண்டும் என்பதைப் பௌதிகவியல் கணக்கிட்டுச் சொல்கிறது. விடை, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ். வளிமண்டலத்தின் உதவி இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை இதுவாகவே இருந்திருக்கும். சமுத்திரங்கள் உறைந்து கிடந்திருக்கும். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அளக்கப்பட்ட உண்மையான சராசரியோ ஏறத்தாழ 14 பாகை. இடைப்பட்ட 32 பாகை எங்கிருந்து வந்தது? அதுவே வளிமண்டலம் நமக்கு அளித்த கொடை. பச்சைவீட்டு விளைவு என்பது அதன் பெயர். இதனைக் கேடு என்று மட்டும் எண்ணுவது பிழை. அது இல்லையேல் நாமும் இல்லை. அளவுக்கு மிஞ்சும்போது அமிர்தமும் நஞ்சாவது போன்றதே இன்றைய பிரச்சினை.

இதன் வேலையைக் காண்பதற்குத் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில், வானம் தெளிந்து காற்று உலர்ந்திருக்கும் இரவுகளில், நிலத்தில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்துகள் கருகுவதுண்டு. அதே மலையில் முகில் மூடிய இரவுகளிலே உறைபனி படிவதில்லை. சூரியன் இரண்டு இரவுகளிலும் இல்லை. வேறுபாடு, நிலம் வீசும் வெப்பத்தை மேலே உள்ள நீராவியும் முகிலும் எவ்வளவு மறித்துத் திருப்பித் தருகின்றன என்பதிலேயே தங்கியிருக்கிறது.

குழாயினுள் அகப்பட்ட கதிர்

பூமியின் வெப்பநிலையை ஒரு பௌதிகப் பிரச்சினையாக முதன்முதலில் முன்வைத்தவர் பிரெஞ்சுக் கணித மேதையான யோசேப் பூரியே. 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, சூரிய ஒளி வளிமண்டலத்தினூடாக எளிதில் உள்ளே வருகிறது என்றும், ஒளியற்ற வெப்பமாக மாறியபின் வெளியேறுவதில் அது இடர்ப்படுகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஜெனீவா நகரத்து சோசூர் என்பவர், உள்ளே கருநிறமூட்டி, பல கண்ணாடித் தகடுகளால் மூடிய பெட்டியை வெயிலில் வைத்துச் செய்த பரிசோதனையைப் பூரியே தம் கருத்துக்குத் துணையாகக் கொண்டார். கண்ணாடி பற்றிய ஒப்புமை இந்த வரலாற்றினுள் புகுந்தது இவ்வாறுதான். ஆனால் காற்றில் உள்ள எந்தப் பொருள் அவ்வேலையைச் செய்கிறது என்பதைப் பூரியே சொல்லவில்லை.

1856ஆம் ஆண்டில், யூனிஸ் நியூற்றன் பூட் என்னும் அமெரிக்க மாது, கண்ணாடி உருளைகளிலே வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, வெப்பமானிகளைப் பொருத்தி வெயிலில் வைத்தார். காபனீரொட்சைட்டு நிரம்பிய உருளையே மற்றவற்றிலும் பார்க்கக் கூடுதலாகச் சூடேறியது. வெயிலினின்று அகற்றிய பின்னர் ஆறுவதற்கும் அது நெடுநேரம் பிடித்தது. அந்த வாயு மிகுந்த வளிமண்டலம் பூமிக்கு உயர்ந்த வெப்பநிலையைத் தரும் என்ற முடிவையும் அவர் அன்றே எழுதினார். பெண்களின் உரிமைக்காக 1848ஆம் ஆண்டிலே செனெக்கா போல்ஸ் மாநாட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும், அவரது ஆய்வை விஞ்ஞான மாநாட்டில் படித்தவர் ஓர் ஆண் விஞ்ஞானியே. பின்னர் அது மறக்கப்பட்டுக் கிடந்து, 2011ஆம் ஆண்டிலே மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

பூட் அம்மையாரின் பரிசோதனை, சூரியனின் ஒளியையும் பூமியின் வெப்பக் கதிரையும் வேறு பிரிக்கவில்லை. அதனைச் செய்தவர், அயர்லாந்திலே பிறந்து இலண்டன் றோயல் நிறுவனத்தில் பணியாற்றிய யோன் தின்டல். 1859ஆம் ஆண்டில் அவர் நீண்டதொரு பித்தளைக் குழாயின் இரு முனைகளையும் பாறையுப்புத் தகடுகளால் அடைத்தார். ஒரு புறத்திலே கொதிநீர் நிரம்பிய பாத்திரம். அதுவே கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களின் ஊற்று. மறு புறத்திலே அக்கதிர்களை மின்னாக மாற்றி அளக்கும் கருவி. குழாயினுள் உலர்ந்த காற்று இருந்தபோது கதிர்கள் ஏறத்தாழ முழுமையாகவே கடந்து சென்றன. நைதரசனும் ஒட்சிசனும் அவற்றைத் தீண்டவில்லை. நீராவியோ காபனீரொட்சைட்டோ புகுத்தப்பட்டபோது கதிர்களின் ஒரு பகுதி குழாயினுள்ளேயே உறிஞ்சப்பட்டது. வளிமண்டலத்தில் மிகச் சொற்பமாக உள்ள பொருள்களே அதன் வெப்பத்தை ஆளுகின்றன என்பது அந்தக் குழாயிலே வெளியாயிற்று.

இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பிற்கால விஞ்ஞானம் விளக்கிற்று. நைதரசன் மூலக்கூறு ஒரே வகையான இரண்டு அணுக்களின் சேர்க்கை. அவை நெருங்கினாலும் விலகினாலும் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. ஆதலின், வெப்பக் கதிரின் மின்னலைக்கு அதனைப் பற்றுவதற்கு ஒரு பிடி கிடைப்பதில்லை. காபனீரொட்சைட்டிலோ, நடுவிலே ஒரு காபன் அணுவும் இரு மருங்கிலும் ஒட்சிசன் அணுக்களும் உள்ளன. அது நாணேற்றிய வில்லைப் போல வளைந்து அதிரும்போது மின்னேற்றம் சமநிலை இழக்கிறது. வெப்பக் கதிர் பற்றிக்கொள்கிறது. இவ்வதிர்வுக்கு இசைவான அலைநீளம் 15 மைக்குரோமீற்றர். பூமி வீசும் செந்நிறக்கீழ்க் கதிர்கள் மிகுதியாக உள்ள பகுதிக்கு நடுவே அது அமைந்துள்ளது. பத்தாயிரம் பங்கு காற்றிலே நாலு பங்கு மாத்திரமே உள்ள ஒரு வாயு இத்துணை வலிமை பெற்றது இதனாலேயே.

ஒரு தடைவினா

1896ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு விஞ்ஞானியான சுவாந்தே அரேனியஸ், இந்த அறிவை எண்களாக மாற்ற முற்பட்டார். அவரைத் தூண்டியது வருங்காலம் பற்றிய அச்சமன்று. பனிக்காலங்கள் ஏன் வந்து போயின என்ற பழைய புதிர். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இருமடங்கானால் பூமி 5 முதல் 6 பாகை வரை சூடாகும் என அவர் கையாலேயே கணக்கிட்டு எழுதினார். நிலக்கரியை எரிப்பதால் அது பெருகும் என்பதையும் அவர் அறிவார். ஆனால், அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும் என்றும், குளிர் நாட்டவர்க்கு அது நன்மையாகவே முடியும் என்றும் கருதினார்.

1900ஆம் ஆண்டில் அவரது கணக்குக்கு எதிராக ஒரு தடை எழுந்தது. அதே நாட்டவரான நூட் ஓங்ஸ்ற்றம், காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாயினூடாக வெப்பக் கதிரைச் செலுத்தி அளந்து பார்த்தார். வாயுவின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் கதிரின் உறிஞ்சலில் அதிக வேறுபாடு காணப்படவில்லை. "உறிஞ்சக்கூடிய கதிர் முழுவதும் ஏற்கெனவே உறிஞ்சப்பட்டுவிட்டது, இனி எவ்வளவு வாயுவைச் சேர்த்தால் என்ன?" என்பதே இதிலிருந்து எழுந்த வாதம். கறுப்புத் திரை தொங்கும் யன்னலுக்கு இன்னொரு கறுப்புத் திரை எதற்கு என்பது போன்றது அது. பெரும்பாலான அறிஞர்கள் இதனை ஏற்றுக்கொண்டனர். அரேனியஸின் கருத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது.

இந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. இன்றும் காலநிலை மாற்றத்தை மறுப்போர் இதனையே புதிய கண்டுபிடிப்புப் போல எடுத்து வீசுகின்றனர். வளிமண்டலத்தை வெறுமனே ஒரு போர்வை என்று மாத்திரம் கற்ற மாணவன் இதற்கு விடை கூற இயலாது திகைப்பான். ஏனெனில் போர்வை உவமை இவ்விடத்திலே கைகொடுப்பதில்லை.

விடை உயரத்திலே இருந்தது

ஓங்ஸ்ற்றத்தின் குழாயில் இல்லாத ஒன்று வளிமண்டலத்தில் உண்டு. அதுதான் உயரம். வளிமண்டலம் ஒரே தன்மையான தகடு அன்று. மேலே செல்லச் செல்லக் காற்று ஐதாகிறது. கிலோமீற்றர் ஒன்றுக்குச் சராசரியாக ஆறரைப் பாகை வீதம் குளிர்கிறது. தரையிலிருந்து புறப்படும் வெப்பக் கதிர் நேரே வான்வெளிக்குப் போய்விடுவதில்லை. ஒரு படையிலுள்ள வாயு அதனை உறிஞ்சிச் சூடாகி, மேலும் கீழும் மீண்டும் வீசுகிறது. அதற்கு மேலுள்ள படை அதனை உறிஞ்சுகிறது. இவ்வாறு கைமாறிக் கைமாறிச் சென்று, இனி மறிப்பதற்குப் போதிய வாயு இல்லாத உயரத்தை அடைந்ததும் அக்கதிர் விடுதலை பெறுகிறது. சராசரியாகப் பார்த்தால் அவ்வுயரம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். அங்குள்ள வெப்பநிலை, நாம் முன்னர் கண்ட பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை. பூமி தன் செலவைச் செய்யும் வாயில் தரையிலே இல்லை. அந்த உயரத்திலேயே இருக்கிறது.

இப்பொழுது காபனீரொட்சைட்டு அதிகரித்தால் என்ன நிகழும்? முன்பு கதிர் தப்பிச் சென்ற உயரத்திலும் மறிக்கும் வாயு பெருகிவிடுகிறது. விடுதலை பெறும் இடம் இன்னும் மேலே தள்ளப்படுகிறது. மேலே உள்ள இடம் குளிர்ந்த இடம். குளிர்ந்த பொருள் குறைவாகவே கதிர் வீசும். ஆகவே செலவு குறைகிறது, வரவோ குறையவில்லை. மிஞ்சிய சக்தி உள்ளே தங்கி, அந்தப் புதிய உயரமும் பழைய அளவு சூடாகும்வரை, தரை தொடக்கம் மேல்வரை எல்லாவற்றையும் சூடாக்குகிறது. தரையை அண்டிய காற்றில் உறிஞ்சல் நிரம்பிவிட்டதா இல்லையா என்ற கேள்விக்கு இங்கே முதன்மை இல்லை. தடைவினாவுக்கு விடை இதுவே.

தின்டல் தாமே இதற்கு ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணையை உவமை காட்டினார். நம் நாட்டவர்க்கு அதனைக் குளத்தின் மூலம் விளக்குவது இன்னும் எளிது. குளம் நிரம்பி வான் பாய்கிறது. வரும் நீரும் போகும் நீரும் சமன். வானை ஒரு முழம் உயர்த்திக் கட்டுகிறோம். உடனே வெளியேறும் நீர் குறைகிறது. நீர்மட்டம் ஏறி ஏறிப் புதிய வானை எட்டுகிறது. அதன்பின் மீண்டும் வந்த நீர் அனைத்தும் போகிறது. வரவும் செலவும் பழையபடி சமனாகிவிட்டன. ஆனால் குளத்தின் மட்டமோ முன்னிலும் ஒரு முழம் உயர்ந்துவிட்டது. காபனீரொட்சைட்டைச் சேர்ப்பது வானை உயர்த்திக் கட்டுவதை ஒக்கும்.

இவ்வுண்மை படிப்படியாகவே தெளிந்தது. 1938ஆம் ஆண்டிலே கை கலண்டர் என்னும் ஆங்கிலேய நீராவிப் பொறியியலாளர், ஓய்வு நேரங்களில் உலகின் பல நிலையங்களது வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, நிலப்பரப்பு சூடேறி வருவதையும் காற்றில் காபனீரொட்சைட்டு கூடி வருவதையும் எடுத்துக்காட்டினார். அறிஞர் சபை அவரை ஐயுறவோடு நோக்கிற்று. 1956ஆம் ஆண்டில் கில்பேட் பிளாஸ், கணினியின் துணைகொண்டு கதிர்களைப் படை படையாகக் கணக்கிட்டு, காபனீரொட்சைட்டு இருமடங்கானால் 3.6 பாகை உயரும் என்றார். 1967ஆம் ஆண்டிலே சியுக்குரோ மனாபே, ரிச்சட் வெதரால்ட் என்னும் இருவரும், காற்றின் ஏற்ற இறக்கத்தையும் நீராவியையும் ஒருங்கே சேர்த்துக் கணித்து, ஏறத்தாழ 2.3 பாகை என்ற முடிவைப் பெற்றனர். மனாபேயின் பணிக்கு 2021ஆம் ஆண்டிலே பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அவர்களது கணக்கு ஓர் அரிய பரீட்சையையும் முன்வைத்தது. சூரியனே கூடுதலாகக் காய்வதால் பூமி சூடேறுகிறதெனின், கீழுள்ள காற்றும் மேலுள்ள காற்றும் சேர்ந்தே சூடேற வேண்டும். காபனீரொட்சைட்டே காரணமெனின், கீழே உள்ள மாறன்மண்டலம் சூடேற, மேலே உள்ள படைமண்டலம் குளிர வேண்டும். பிற்காலத்தில் எடுக்கப்பட்ட அளவுகள் இரண்டாவதையே காட்டின. படைமண்டலத்தின் கீழ்ப்பகுதி குளிர்ந்ததில் ஓசோன் குறைவுக்கும் பங்குண்டு. ஆயினும் அதன் மேற்பகுதியின் குளிர்ச்சியிலே காபனீரொட்சைட்டின் கைவரிசை தெளிவாகத் தெரிகிறது. 1970ஆம் ஆண்டில் ஏவப்பட்ட நிம்பஸ் 4 என்ற செய்மதி, வானிலிருந்து பூமியின் கதிர்களை அலைநீளம் அலைநீளமாக அளந்தபோது, 15 மைக்குரோமீற்றரை அண்டிய இடத்திலே ஒரு பெரும் பள்ளம் காணப்பட்டது. தின்டலின் குழாயிலே அகப்பட்ட அதே கதிர், இப்பொழுது பூமி முழுவதற்குமாக அகப்பட்டுக் கிடந்தது.

மௌனா லோவாவின் கணக்கு

சமுத்திரம் இருக்கிறதே, மனிதன் விடும் புகையையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளாதா என்பது அடுத்த ஐயம். 1957ஆம் ஆண்டிலே றொஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்னும் இருவரும், கடல்நீரின் இரசாயனம் அவ்வளவு தாராளமானதன்று எனக் காட்டினர். நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டிலே ஏறத்தாழ அரைவாசியைக் கடலும் நிலத்துத் தாவரங்களும் ஏற்கின்றன. மற்ற அரைவாசி காற்றிலேயே தங்கிவிடுகிறது.

இதனை ஐயமற நிறுவியவர் சாள்ஸ் டேவிட் கீலிங். 1958ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, ஹவாய்த் தீவின் மௌனா லோவா என்னும் எரிமலைச் சரிவில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் அவர் அளக்கத் தொடங்கினார். முதலில் கிடைத்த அளவு, மில்லியன் பங்கு காற்றில் 313 பங்கு. ஆண்டுதோறும் மே மாதத்தில் அது உச்சத்தை அடைந்து, பின்னர் வட பாதியின் காடுகளும் வயல்களும் தழைக்கும்போது இறங்கி, அவை உதிரும்போது மீண்டும் ஏறியது. பூமி மூச்சு விடுவதைக் கண்ட முதல் மனிதர் அவரே எனலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் மூச்சும் முந்தைய ஆண்டிலும் பார்க்கச் சற்று உயர்ந்தே நின்றது. பணம் இல்லையென்று நிறுத்தப்படும் அபாயம் பன்முறை நேர்ந்தும் அவர் விடவில்லை. 2005ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும் அளவை தொடர்கிறது. 2024ஆம் ஆண்டின் சராசரி 424 பங்கைத் தாண்டியது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் இருந்த 280 பங்கோடு ஒப்பிட்டால் இது ஒன்றரை மடங்கு. அந்தாட்டிக் பனிக்கட்டியிலே சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் கூறும் 8 இலட்சம் ஆண்டு வரலாற்றில் இந்த அளவு ஒருபோதும் 300ஐ அதிகம் தாண்டியதில்லை.

இந்தக் காபன் எரிமலைகளிலிருந்து வந்ததாக இருக்கலாமே என்பார்க்கும் விடையுண்டு. உயிருள்ள தாவரங்களிலே கதிர்த்தொழிற்பாடுள்ள காபன் சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதையுண்ட நிலக்கரியிலும் பெற்றோலியத்திலும் அது அழிந்துபோயிருக்கும். காற்றிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டுக் காபனின் விகிதம் நீர்த்துப்போயிருப்பதைச் சூஸ் 1950களிலேயே கண்டார். எரிமலைக் காபனிலும் அது இல்லையே என்று கேட்கலாம். ஆனால் எரிதலுக்கு ஒட்சிசன் வேண்டும்; எரிமலை கக்கும் வாயுவுக்கு அது வேண்டியதில்லை. காற்றில் காபனீரொட்சைட்டு ஏற ஏற, ஒட்சிசன் அதற்கு இசைந்த அளவிலே குறைந்து வருகிறது. எரித்தவனின் கைரேகை இவ்விரண்டு சான்றுகளிலும் சேர்ந்து பதிந்துள்ளது.

காலநிலை மாறுவது எவ்வாறு?

இரண்டு, மூன்று பாகை என்றால் என்ன? கொழும்பிலே காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் அதனிலும் கூடிய வேறுபாடு உண்டே என்று கேட்பவர் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், உலகின் சராசரி வெப்பநிலை கைத்தொழிற் புரட்சிக்கு முந்தியதிலும் பார்க்க ஐந்து அல்லது ஆறு பாகையே குறைவாக இருந்தது. அன்று கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை இருந்த இடம் தரையாகக் கிடந்தது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன. சராசரியிலே ஐந்து பாகை என்பது ஒரு கடலை உண்டாக்கவும் அழிக்கவும் வல்லது.

காபனீரொட்சைட்டு தொடக்கிவைக்கும் வேலையை நீராவி பெருக்குகிறது. ஒரு பாகை சூடேறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். நீராவியும் பச்சைவீட்டு வாயு; எனவே சூடு மேலும் கூடுகிறது. நீராவி தானாகவே இதனைத் தொடக்க இயலாது. மிஞ்சியது சில நாட்களிலே மழையாக விழுந்துவிடும். காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியோ நூற்றாண்டுகள் கடந்தும் காற்றிலே நிற்கும். நீராவி மிகுந்த காற்று, மழை வரும்போது வெள்ளமாகக் கொட்டும்; வராதபோது மண்ணின் ஈரத்தை விரைவாக உறிஞ்சும். வெள்ளமும் வரட்சியும் ஒரே காரணத்தினின்று பிறப்பது முரண்பாடன்று. அதனோடு, வெண்பனி உருகிக் கருங்கடல் வெளிப்படும் வடதுருவத்திலே வெயில் கூடுதலாக உறிஞ்சப்பட்டு அப்பகுதி மற்ற இடங்களிலும் விரைவாகச் சூடேறுகிறது. மிஞ்சிய வெப்பத்திலே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சமுத்திரமே ஏற்கிறது. சூடேறிய நீர் விரிவடைவதாலும் நிலத்துப் பனி உருகுவதாலும், 1901க்கும் 2018க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல் மட்டம் 20 சதமமீற்றர் உயர்ந்தது. உலக வானிலை நிறுவனத்தின் கணிப்பின்படி, 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பார்க்க ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்தது.

20 சதமமீற்றர் என்பது ஒரு சாண் அளவே. ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டவர்க்கு அந்தச் சாணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத அந்நிலத்திலே குடிநீரும் தோட்ட நீரும் சுண்ணாம்புக்கல்லினுள் தங்கிய மாரி மழையே. அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு சாண் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது சாண் ஆழத்துக்கு உவர்நீர் விலகி நிற்கும் என்பது நிலநீரியல் விதி. அந்த மேற்சாண் குறைந்தால் கீழே இழப்பது நாற்பது. இன்று உவர்த்துப்போன கிணறுகளுக்கெல்லாம் காலநிலை மாற்றமே காரணம் என்பது சரியன்று. அளவுமீறிய இறைப்பே அதற்குப் பெருங்காரணம். ஆனால், ஏற்கெனவே மெலிந்துவிட்ட படலத்தின்மீது உயரும் கடலும் வந்து அழுத்துமானால் தாங்கும் சக்தி எங்கிருந்து வரும்?

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பாடம் வகுப்பறைகளிலே பல வேளைகளில் ஓசோன் படையின் துவாரத்தோடு கலந்து குழம்பிவிடுகிறது. துவாரத்தினூடாக வெயில் கூடுதலாகப் புகுவதாற்றான் பூமி சூடாகிறது என்று எழுதும் மாணவர் பலர். இரண்டும் வேறு. ஓசோன் சூரியனின் கழியூதாக் கதிரைத் தடுப்பது. அதன் குறைவு தோலுக்கும் கண்ணுக்கும் தீங்கு. பச்சைவீட்டு விளைவோ பூமி வெளிவிடும் கதிரைப் பற்றியது. ஒன்று வரவின் பக்கம். மற்றது செலவின் பக்கம். ஓசோனைக் காப்பதற்கு 1987ஆம் ஆண்டிலே மொன்றியல் உடன்படிக்கை செய்யப்பட்டது, அது பயனளித்தது. காபனீரொட்சைட்டைப் பொறுத்தவரை அத்தகைய வெற்றி இன்னும் கிட்டவில்லை. ஏனெனில் அது ஏதோ ஒரு தொழிற்சாலைப் பொருளன்று. நம் அடுப்பு, வண்டி, விளக்கு, சீமெந்து, உரம் அனைத்தோடும் பின்னிப் பிணைந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காற்றிலே குவிந்த இப்புகையில் பெரும்பகுதி, நிலக்கரியை எரித்துச் செல்வம் குவித்த நாடுகளுடையது. இலங்கையர் ஒருவரின் பங்கு உலகச் சராசரியிலும் மிகக் குறைவு. செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்பது இங்கே வெறும் பேச்சன்று. ஒரு பௌதிக உண்மை. காபனீரொட்சைட்டு எந்த நாட்டுப் புகைபோக்கியிலிருந்து எழுந்தாலும் ஓரிரு ஆண்டுகளிலே உலகெங்கும் பரவிவிடுகிறது. நியாயம் கேட்கும் உரிமை சிறிய நாடுகளுக்கு உண்டு. ஆனால், நியாயம் கேட்பவன் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். பிறர் சொன்ன அச்சத்தைத் திருப்பிச் சொல்பவனின் குரல் எந்தச் சபையிலும் எடுபடாது.

ஆகவேதான் இப்பாடத்தைப் பெயரளவில் விட்டுவிடாது, வரவு செலவுக் கணக்கிலிருந்து கதிர் விடுதலை பெறும் உயரம் வரை படிப்படியாகக் கற்பித்தல் அவசியமாகிறது. குளத்தின் வானை உயர்த்தினால் நீர்மட்டம் ஏறும் என்பதைப் புரிந்துகொள்ள நம் கிராமத்துச் சிறுவனுக்கு அதிக நேரம் பிடிக்காது. அதைப் புரிந்துகொண்டவன், உயர்த்துவதை எங்கே நிறுத்துவது என்ற அடுத்த கேள்வியைத் தானாகவே கேட்பான். அக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர்கள் அவனுக்கு மூத்தவர்களாகிய நாம்.